மாநகராட்சித் திடலின் கதை

பெரியதாழைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எங்கள் தலைமுறையினர்க்கு விளையாட்டுத் திடல் என்று ஒன்று தனியே வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்களெல்லாம் மணல்மேட்டில் ஏற்றப்பட்டு ஓய்ந்து கிடக்கும். நீர் சற்றே வாங்கிய மாலை வேளையில், அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணல் சிமெண்டுத் தரை போல இறுகியிருக்கும். இந்தப் பக்கம் இரண்டு துடுப்பு, அந்தப் பக்கம் இரண்டு துடுப்பு நட்டுவிட்டால் கால்பந்து ஆடுகளம் ஆயத்தம். ஆடுவோர் தொகைக்கு வரம்பில்லை, காலணி கிடையாது, பந்து கடலில் விழுந்தால் கடைசியாக உதைத்தவன் நீந்திப் போய் எடுத்துவர வேண்டும் என்பது ஒன்றே சட்டம். அங்கே கதவு இல்லை, பூட்டு இல்லை, உள்ளே வராதே என்று சொல்ல ஆளும் இல்லை.

ஆகவே, விளையாட்டுத் திடலுக்குத் திறவுகோல் என்று ஒன்று உண்டு, அது எப்பொழுதும் யாரோ ஒருவர் கையில் இருக்கும் என்னும் செய்தியை நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பள்ளியில் அமர்ந்த பின்னரே அறிந்தேன். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று பற்பல திடல்களின் வாயிலில் நின்றிருக்கிறேன். சில வாயில்கள் திறந்திருந்தன. சில திறக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்றன் வரலாற்றைத்தான் இப்பொழுது சொல்லப் போகிறேன். அது எங்கள் கரையிலிருந்து ஓர் இரவு முழுதும் பயணம் செய்து சேர வேண்டிய தொலைவில், சென்னைப் பூங்கா நகரில் இருக்கிறது. இன்று அதன் பெயர் ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம். எங்கள் பெரியவர்கள் அதைக் கார்ப்பொரேஷன் ஸ்டேடியம் என்பார்கள். பள்ளிச் சிறுவரும், ஊர்க் கழகத்தாரும், ஊதியம் பெற்று ஆடும் தொழில்முறை வீரரும் ஒரே மண்ணை மாறி மாறி மிதித்த இடம் தமிழ்நாட்டில் எது என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுவே.

ஸ்டேடியம் என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கிரேக்கத்தில் அது கட்டடத்தின் பெயரன்று. அறுநூறு அடி கொண்ட ஓர் அளவு. ஒலிம்பியாவில் வீரர் ஓடிய அந்தத் தொலைவு, நம் கணக்கில் ஏறத்தாழ 192 மீட்டர். ஓடிய தூரத்தின் பெயர் ஓடிய இடத்துக்கு ஆகி, பின்னர் அதைச் சுற்றி எழுந்த படிக்கட்டுகளுக்கும் ஆயிற்று. எங்கள் மாவட்டத்தில் இதற்கு நேர்மாறாக, நீர்நிலையின் பெயர் திடலுக்கு வந்திருக்கிறது. தேரிக்காட்டுப் பள்ளங்களில் மழைநீர் தேங்கி நிற்கும் ஆழமில்லாத ஏரியைத் தருவை என்போம். தூத்துக்குடி நகரின் பெரிய மைதானத்துக்குத் தருவை மைதானம் என்றே பெயர். பெயர்கள் பழைய மண்ணை மறப்பதில்லை. பூங்கா நகரின் பெயரும் அப்படிப்பட்டதே.

1859ஆம் ஆண்டில் சென்னைக்கு ஆளுநராக வந்தவர் சர் சார்லஸ் டிரெவெல்யன். ஓராண்டுக்குச் சற்று மேலே அவர் இங்கிருந்தார். வருமான வரி பற்றி மேலிடத்தோடு வெளிப்படையாக மாறுபட்டதனால் 1860இல் திருப்பி அழைக்கப்பட்டார். இருந்த அந்தச் சிறு காலத்துக்குள், கோட்டைக்கு மேற்கே நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஒதுக்கி, நகரத்து மக்களுக்கென்று ஒரு பெரும் பூங்காவை அவர் தொடங்கிவைத்தார். மக்கள் பூங்கா என்பதே அதன் பெயர். பூங்கா போன பின்னும் பூங்கா நகர் என்னும் பெயர் நிலைத்தது. அங்கே குளங்கள் இருந்தன. இசைக் குழுவினர்க்கு மேடை இருந்தது. பிற்காலத்தில் விலங்குக் காட்சிச்சாலையும் வந்து சேர்ந்தது. சென்னைவாசிகள் அதை உயிர்க் காலேஜ் என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் வழங்கிவந்தார்கள். இதைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் அவ்விரண்டையும் விளக்க என்னால் இயலாது.

மக்களுக்கென்று விடப்பட்ட நிலத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. அது யாருக்கும் சொந்தமில்லாததால், எல்லாருக்கும் பயன்படக்கூடிய வேறு ஏதேனும் ஒன்றுக்காக அதில் ஒரு மூலையைக் கேட்பது எளிது. மக்கள் பூங்காவுக்கு நேர்ந்ததும் அதுவே. விக்டோரியா பொது மண்டபம் ஒரு பக்கத்தில் எழுந்தது. 1900இல் மூர் மார்க்கெட்டு வந்தது. 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வந்தது. ஒவ்வொன்றும் நகருக்குத் தேவையானதே. எதையும் குறைகூற இயலாது. எனினும் பூங்கா சிறுத்துக்கொண்டே போயிற்று. மூர் மார்க்கெட்டு 1985இல் தீக்கிரையாயிற்று. அந்த இடம் ரயில்வேக்குச் சென்றது. உயிர்க் காலேஜ் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. இத்தனை மாறுதலுக்கும் இடையில், பூங்காவின் ஒரு பகுதி விளையாட்டுக்கென்று தங்கிற்று. மாநகராட்சி அங்கே கட்டிய திடலே கார்ப்பொரேஷன் ஸ்டேடியம்.

அந்தத் திடலின் பெருமையை உணர வேண்டுமானால், அதே நகரில் இருந்த மற்றொரு திடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1846இல் தொடங்கப்பட்ட மதராஸ் கிரிக்கெட் கிளப், 1860களின் நடுவிலிருந்து சேப்பாக்கத்தில் ஆடிவந்தது. அது ஐரோப்பியர் கழகம். இந்தியர் அங்கே விருந்தினராக வந்து ஆடலாம். ஆனால் உணவு வேளையில் ஐரோப்பியர் கொட்டகைக்குள் செல்ல, இந்தியர் மர நிழலில் அமர்ந்து உண்ண வேண்டும் என்ற நிலை இருந்ததாகச் சென்னை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். புச்சிபாபு நாயுடு என்னும் பெருமகனார் இதனால் மனம் புண்பட்டு, 1888இல் மதராஸ் யுனைடெட் கிளப் என்னும் இந்தியர் கழகத்தை நிறுவினார். இன்றும் அவர் பெயரால் கிரிக்கெட் போட்டி நடக்கிறது. அவர் வாதாடவில்லை, விண்ணப்பம் போடவில்லை. தமக்கென ஒரு கழகத்தை ஏற்படுத்திக்கொண்டார். வகுப்பறையில் இதைச் சொல்லும்போதெல்லாம், மர நிழலில் உண்ட அந்தச் சோற்றைப் பற்றியே பிள்ளைகள் மேலும் கேட்பார்கள்.

காலம் மாறியது, நாடு விடுதலை பெற்றது. 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்துக்கு எதிராகச் சேப்பாக்கத்தில்தான் பெற்றது. ஆனால் திடலின் உரிமை கிளப்பிடம். போட்டி நடத்தும் பொறுப்போ கிரிக்கெட் சங்கத்திடம். வீடு ஒருவரது, விருந்து மற்றொருவரது என்றால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. 1956இலிருந்து சென்னையின் டெஸ்ட் பந்தயங்கள் சேப்பாக்கத்தை விட்டு, மாநகராட்சியின் திடலுக்கு வந்துவிட்டன. அங்கே உறுப்பினர் என்றும் விருந்தினர் என்றும் பாகுபாடு இல்லை. சீட்டு வாங்கியவர் அமரலாம். திடல் நகரத்தாரின் வரிப்பணத்தால் ஆனது.

1956 முதல் 1965 வரை ஒன்பது டெஸ்ட் பந்தயங்கள் அங்கே நடந்தன. ஒன்பது என்பது பெரிய தொகையன்று. ஆனால் அவற்றுள் மூன்றைக் கிரிக்கெட் உலகம் இன்னும் மறக்கவில்லை.

முதல் பந்தயம் 1956 ஜனவரியில், நியூசிலாந்துக்கு எதிராக நடந்தது. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் நாள் முழுவதும் இருவரும் ஆட்டமிழக்கவில்லை. மறுநாள் அவர்களைப் பிரிப்பதற்குள் 413 ஓட்டங்கள் சேர்ந்துவிட்டன. மன்கட் 231; ராய் 173. தொடக்க ஜோடியின் இந்தச் சாதனை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2008இல் சிட்டகாங்கில் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கென்சியும் 415 எடுத்தபோதுதான் அது கைமாறியது. மன்கட்டின் 231ஐ 1983இல் கவாஸ்கர் கடந்தார்; அதுவும் சென்னையில், சேப்பாக்கத்தில்.

1962 ஜனவரியில் இங்கிலாந்து அணி வந்தது. முந்திய ஆண்டு கோடையில் மோட்டார் விபத்தொன்றில் ஒரு கண்ணின் பார்வையை ஏறக்குறைய முற்றும் இழந்திருந்த இளைஞர் பட்டௌடி, இந்தத் திடலில்தான் தம் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தார். சலீம் துரானி பத்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா 128 ஓட்டங்களால் வென்று, இங்கிலாந்துக்கு எதிரான ஒரு தொடரை முதன்முறையாகக் கைப்பற்றியது. மாடங்கள் நிறைந்த மண்டபத்தின் முன் நடக்கவில்லை அந்த வெற்றி. மாநகராட்சியின் புல்தரையில் நடந்தது. இதைச் சற்று அழுத்திச் சொல்வது என் பலவீனமாக இருக்கலாம்.

மூன்றாவது, 1964 ஜனவரி. இதை நான் என் தாய்மாமன் வாயிலாகவே பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் தூத்துக்குடியில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதினார். அந்தக் கடையில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. வர்ணனை ஆங்கிலத்தில் வரும். மாமாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆயினும் ஓட்ட எண்ணிக்கை மட்டும் புரியும். அன்று நெடுநேரம் அந்த எண்ணிக்கை மாறவே இல்லையாம். பெட்டி பழுதாகிவிட்டதோ என்று எண்ணி முதலாளி அதைத் தட்டிப் பார்த்தாராம். பெட்டியில் பழுதில்லை. பாபு நட்கர்னி பந்து வீசிக்கொண்டிருந்தார். தொடர்ந்து இருபத்தொரு ஓவர்கள், 131 பந்துகள், ஓர் ஓட்டமும் கிடையாது. அந்த இன்னிங்ஸில் அவர் வீசிய 32 ஓவர்களில் 27 மெய்டன். கொடுத்தது ஐந்தே ஓட்டம். விக்கெட்டோ ஒன்றும் இல்லை. "ஒருத்தரையும் அவுட்டாக்காம ஒருத்தன் பேரு நிக்கிது பாத்தியா, மருமகனே" என்று மாமா சொல்வார். நான் ஆசிரியனான பின் அந்தச் சொல்லைப் பரிசு பெறாத பிள்ளைகளிடம் பலமுறை கடன் வாங்கிச் சொல்லியிருக்கிறேன்.

1960களின் நடுவில் சேப்பாக்கத்து நிலத்தின் குத்தகை உரிமை கிரிக்கெட் சங்கத்துக்கே கிடைத்தது. வீட்டுக்கு உரியவராகிவிட்ட பின் வேறிடத்தில் விருந்து நடத்துவானேன்? 1967 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான பந்தயத்தோடு டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கம் திரும்பிவிட்டது. பின்னர் அது மாநகராட்சித் திடலுக்கு வரவே இல்லை. செல்வமுள்ள விளையாட்டு தனக்கென வீடு கட்டிக்கொண்டு போய்விடுவது உலகெங்கும் காண்பதுதான். ஜெர்மனியின் மூனிக் நகரில் 1972 ஒலிம்பிக்குக்கென்று கட்டிய அரங்கில் பல்லாண்டு ஆடிய பயர்ன் மூனிக் கழகம், 2005இல் கால்பந்துக்கென்றே அமைந்த புதிய அரங்குக்குப் பெயர்ந்தது. ஓடுபாதை நடுவே இருந்தால் ஆட்டக்காரன் முகம் தெரியவில்லை என்பது பார்வையாளரின் குறை. குறையில் நியாயம் உண்டு. ஆனால் ஓடுகிறவன் எங்கே போவான்?

கிரிக்கெட் போனதை ஓர் இழப்பாகவே பலரும் எழுதுகிறார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. டெஸ்ட் பந்தயம் ஆண்டுக்கு ஐந்தாறு நாள். மற்ற நாட்களுக்கு உரியவர்கள் வேறு. சென்னைக் கால்பந்துக் கழகங்களின் லீக் ஆட்டங்கள் பல்லாண்டுகள் அங்கே நடந்தன. வங்கி ஊழியர், ரயில்வே ஊழியர், காவல்துறையினர் ஆகியோரின் அணிகள் மாலையில் ஆடும். அலுவலகம் விட்டு வருகிறவர்கள் கடலைப் பொட்டலத்தோடு அமர்ந்து பார்ப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளின் தடகளமும் நடந்தது. இந்தப் பள்ளி விளையாட்டுக்கும் சென்னையிலேயே ஒரு மூலம் உண்டு. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை இங்கே தொடங்கினார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராகச் சென்றவரும் அவரே. அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள் தென்னாட்டுப் பள்ளிகள் பலவற்றுக்கு டிரில் மாஸ்டராக வந்து சேர்ந்தார்கள். ஊதலும், சுண்ணாம்புக் கோடும், நூறு மீட்டர் ஓட்டமும் சிற்றூர்களுக்குள் வந்த வழி அது.

பழைய திடல் 1990களில் முற்றிலும் மாறியது. 1992இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அமைந்தது. அடுத்த ஆண்டில் நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டி சென்னைக்கு வருவதையொட்டி, பழைய அரங்கின் இடத்தில் நாற்பதாயிரம் பேர் அமரக்கூடிய புதிய அரங்கம், 260 நாட்களில் எழுந்தது. திறவுகோல் மாநகராட்சியின் கையிலிருந்து மாநில அரசின் கைக்கு மாறியது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அருகில் உள்ளரங்கமும் இருந்ததால், மழைக்காலத்திலும் கைப்பந்தும் கூடைப்பந்தும் நிற்கவில்லை. ஊரின் பெயர் சென்னை என்று சட்டப்படி மாறியது அதற்கு அடுத்த ஆண்டில்.

அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ஒருமுறை, மாநிலப் பள்ளித் தடகளப் போட்டிக்குப் பிள்ளைகள் நால்வரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். நால்வரும் தேரிமணலில் ஓடிப் பழகியவர்கள். தேரியில் ஓடுவது எளிதன்று, கால் புதையும், ஓர் அடி முன்வைத்தால் அரை அடி பின்வாங்கும். அங்கே ஓடியவர்களுக்குச் சமதரை ஒரு வரம். ஆனால் அந்தச் செங்கல் நிறச் செயற்கைப் பாதையில் நண்பகல் வெயில் ஏறியிருந்தது. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வெறுங்காலோடு தகுதிச் சுற்றை ஓடிவிட்டு வந்து, உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு காலிலும் கொப்புளம். காலணி வாங்கித் தர வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எங்கள் ஊரில் ஓடுவதற்குக் காலணி என்பதை யாரும் அறியோம் என்பது காரணம், சமாதானமன்று. வேறொரு மாவட்டத்து ஆசிரியை தம் மாணவியின் காலணியைக் கழற்றித் தந்தார். அளவு பெரிது. முன்பக்கத்தில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தோம். இறுதி ஓட்டத்தில் அவள் நான்காவதாக வந்தாள்.

மாலையில் படிக்கட்டில் அமர்ந்து அவள் அந்த அரங்கத்தைச் சுற்றிலும் நெடுநேரம் பார்த்தாள். பின்பு, "சார், இங்க தெனமும் ஆரு ஓடுவா?" என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லிவைத்தேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.

தொழில்முறை விளையாட்டு அந்த அரங்கத்தைத் தன் இல்லமாகக் கொண்டது 2014இல். அவ்வாண்டு தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் சென்னையின் எப்.சி. அணி அதையே சொந்தத் திடலாகக் கொண்டது. 2015இலும், 2017-18 பருவத்திலும் அந்த அணி வாகை சூடியது. முதல் வாகைக்கு இடையில் ஒரு சோதனை. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, அரையிறுதியின் சொந்தத் திடல் ஆட்டத்தையே புனேவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஊர் நீரில் கிடக்க, ஊரின் அணி வெளியூரில் சொந்தத் திடல் என்று சொல்லி ஆடி, 3-0 என வென்றது.

உள்ளரங்கின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 2017இல் தமிழ் தலைவாஸ் என்னும் தொழில்முறைக் கபடி அணி தன் சென்னை ஆட்டங்களை அங்கே ஆடியது. விரிப்பின் மேல், விளக்கின் கீழ், கட்டணச் சீட்டுக்குக் கபடி! தொலைக்காட்சியில் அதைப் பார்த்த எங்கள் ஊர் முதியவர் ஒருவர், "இது நம்ம சடுகுடுதானாய்யா?" என்று இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். எங்கள் மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் பொற்பதக்கம் பெற்ற இந்திய அணியில் ஆடியவர் மணத்தி கணேசன். அருச்சுனா விருதும் பெற்றவர். அவர் ஆடத் தொடங்கிய காலத்தில் சடுகுடுவுக்குக் களமாயிருந்தது அறுவடை முடிந்த வயலும் கோவில் முற்றமுமே. மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டு போவதில் எங்கள் கரையாருக்கும் ஒரு பரம்பரை உரிமை உண்டு என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1961வரை மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களின் பேரர்கள் அல்லவா நாங்கள்! 2022 ஜூலை 28 அன்று சதுரங்க ஒலிம்பியாட்டின் தொடக்கவிழாவும் அதே உள்ளரங்கில் நடந்தது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டு வந்தது.

இத்தனை புகழும் ஒரு திடலுக்கு நல்லதே. தொழில்முறை அணி வந்தால் விளக்கு வரும், புல்தரை பேணப்படும், செய்தித்தாளில் இடம் வரும். இந்த ஊர்ப் பையன் ஒருவன் ஊதியம் பெற்று ஆடலாம் என்ற எண்ணம் பெற்றோர்க்கும் வரும். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் பேணப்பட்ட புல்தரையைக் கண்டால் காவலருக்குப் பிள்ளைகள்மேல் ஐயம் வந்துவிடுகிறது. எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. ஒரு நகரத்தின் பொதுத் திடலில் மாவட்டத் தேர்வுக்கென்று பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தேன். அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. அங்கே ஒரு பொருட்காட்சிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடிதத்தைப் படித்துப் பார்த்த அலுவலர், தேதி சரிதான், இடம்தான் இல்லை என்றார். மரியாதையாகவே சொன்னார். அன்று எங்கள் பிள்ளைகள் புறவழிச் சாலையில், லாரிகளுக்கு ஒதுங்கி நின்று நின்று, 1500 மீட்டர் ஓடிக் காட்டினார்கள். நேரம் குறித்த நடுவர் அதை ஏற்றுக்கொண்டார். நான் கையெழுத்திட்டேன். இன்றும் அந்தக் கையெழுத்து எனக்கு உறுத்துகிறது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். சிறுவயதில் துடுப்பு நட்டு நாங்கள் பந்தாடிய மணற்பரப்பில் பெரும்பகுதி இன்று கடலுக்குள் இருக்கிறது. கடலரிப்பு எங்கள் கரைக்குப் புதிதன்று; கச்சான் காலத்தில் கரை குறுகுவதும் பின்பு வளர்வதும் பாட்டன் காலத்து வழக்கம். ஆனால் குறுகியது திரும்பி வளராத நிலை என் காலத்திலேதான் வந்தது. பின்னர் கடலுக்குள் கற்களைக் கொட்டித் தூண்டில் வளைவு அமைத்தார்கள். வள்ளங்கள் ஒதுங்கச் சற்று இடம் கிடைத்தது. கல்லணைக்குப் பக்கத்தில் ஒதுங்கிய மணலில் இப்போதும் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். பந்து கல்லிடுக்கில் சிக்கினால் எடுப்பது நீந்தி எடுப்பதைவிடக் கடினம்.

சென்ற ஆண்டு அந்தப் பையன்களில் நால்வர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். ஒருவன் என்னிடம் படித்தவனின் மகன். ஊருக்கு அளந்து வேலியிட்ட திடல் ஒன்று வேண்டும். கால்பந்தும் கபடியும் ஆட வேண்டும். வெளியூர் அணிகளை அழைத்துப் போட்டி நடத்த வேண்டும். மனு எழுதித் தாருங்கள் தாத்தா என்றார்கள். எவ்வளவு நிலம், எத்தனை விளக்கு என்றெல்லாம் அவர்களே குறித்து வைத்திருந்தார்கள். இருக்கைகளின் எண்ணிக்கை மட்டும் சற்றே சென்னையை ஒட்டியிருந்தது, அதைக் குறைத்தேன். எழுதி முடித்து, படித்துக் காட்டி, ஒரு வரியை நானே சேர்த்தேன். பள்ளி விட்ட பின் இருட்டும் வரை, போட்டி நாள் தவிர மற்ற நாட்களில், வாயிலைப் பூட்டலாகாது என்னும் வரி அது.

"வேலி போட்டா சாவி வேணும்லா தாத்தா, அது ஆருகிட்ட இருக்கும்?" என்றான் அந்தச் சிறுவன். அதையும் எழுது என்று பேனாவை அவனிடமே கொடுத்தேன். நால்வரும் திண்ணையில் குனிந்து அரைமணி நேரம் வாதாடினார்கள். ஊராட்சித் தலைவர், தலைமையாசிரியர், கடைக்காரர் என்று மூன்று பேரை எழுதி, மூன்றையும் அடித்துவிட்டு, கடைசியில் ஒரு பெயரையும் எழுதாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டு மனுவை மடித்துக்கொண்டு போனார்கள்.